வாசனை தெரியாமல் அண்ணன் நடத்திய மசாலாக் கடை

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தபந்தங்கள், கோயில் பங்கு மக்கள், சிவாஜிநகர் மார்க்கெட்டில் அண்ணனோடு கடை வைத்திருந்தவர்கள், அவரிடம் சரக்கு வாங்கினவர்கள், எல்லோருக்கும் அண்ணனுடைய ஒரே தங்கச்சியாகிய என் வணக்கம்.

அண்ணன் மகன் ஸ்டீபன், "அத்தை, நீங்க சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் கற்ற எழுத்துதான் எனக்கு. அதுவே போதும். பிழையைத் திருத்து, வார்த்தையை மாற்றாதே என்று சொல்லி அவனிடம் கொடுத்தேன். நிதானமாக எழுதியிருக்கிறேன். நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இறங்குகிறவர். நாங்கள் சிறுசாக இருக்கும்போதே அப்பா நெஞ்சு முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்து, கண்டோன்மென்ட் பக்கம் வீட்டு வேலை செய்தார்கள். அண்ணன் மீசை முளைக்கிற வயசிலேயே ஒரு சேட்டின் மசாலா கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். சாயந்திரம் அவர் வீட்டுக்கு வரும்போது அவருக்கு முன்னால் வாசனை வரும். சட்டையை மோந்து பார்த்து இன்றைக்கு எந்த மூட்டை பிரித்தார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். "இன்னிக்கு மிளகு. காலையில சோம்பு." அண்ணன் அம்மாவைப் பார்த்து, "இவளுக்கு இருக்கறது மூக்கு இல்லம்மா, இது வேற என்னமோ" என்பார். எனக்கு அப்போதிருந்தே அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

பல வருஷம் உழைத்து மார்க்கெட்டில் சொந்தமாக ஒரு கடை பிடித்தார். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு கடை. அத்திபெலேயில் பெண் எடுத்தார். எங்கள் அண்ணி குணத்தில் தங்கம். ஆனால் மிளகு வாசம் பட்டாலே தும்ம ஆரம்பித்துவிடுவார். அதனால் அண்ணி கடைப்பக்கம் வரவே மாட்டார். "மசாலாக்காரனைக் கட்டிக்கிட்டு மசாலாவைப் பார்க்காம குடும்பம் நடத்தினவ நான் ஒருத்திதான்" என்று அவரே சொல்லுவார்.

அண்ணன் கடையில் பொடி விற்க மாட்டார். எல்லாம் முழுசுதான். பட்டை, லவங்கம், ஏலக்காய், அன்னாசிப்பூ, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகு, சீரகம், சோம்பு. யார் எவ்வளவு வாங்கினாலும் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் மடிப்பார். நூறு கிராம் சீரகத்துக்கும் அப்படித்தான். ஜனங்கள் நெருக்கி நின்றாலும் அப்படித்தான்.

நான் குடியிருக்கிற மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு கன்னடத்து அம்மா மாசாமாசம் வருவார். வருகிறபோதெல்லாம், "அண்ணா, இது எஷ்டு தினா இருத்தே?" என்று கேட்பார். எத்தனை நாள் இருக்கும் என்கிற அந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கடைக்கு வந்ததில்லை. அண்ணன் அவருக்குக் கன்னடத்தில் பொறுமையாகச் சொல்லுவார். உடைக்காமல், அரைக்காமல், காற்றுப் போகாத டப்பாவில் வைத்தால் பட்டை, லவங்கம், மிளகு எல்லாம் மூன்று நாலு வருஷம்கூட நிற்கும். ஜாதிக்காய் அதற்கும் மேலே. ஏலக்காய் தோலோடு இருந்தால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை, தோலை உரித்துவிட்டால் சீக்கிரம் போய்விடும். சீரகமும் சோம்பும் நடுவில். கசகசா எண்ணெய் உள்ளது, சிக்கு வாடை வந்துவிடும், கொஞ்சமாக வாங்குங்கள். அரைத்த பொடியானால் ஆறு மாசமே அதிகம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "அம்மா, டப்பாவை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதீங்க, ஜன்னல் வெயில்லயும் வைக்காதீங்க" என்பார். கடைசியில், "நாளைக் கணக்குப் பண்ணாதீங்க. திறந்து மோந்து பாருங்க. அதுவே சொல்லும்" என்பார்.

அப்படிச் சொன்னவருக்குத்தான் ஆண்டவர் அந்தச் சோதனையைக் கொடுத்தார்.

கொரோனா வந்து கடைகளை எல்லாம் மூடினார்களே, அப்போது அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, படுத்து, ஆண்டவர் கிருபையால் எழுந்தார். மெலிந்திருந்தார், மற்றபடி நன்றாக இருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணி போனில் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "நேத்து சாம்பார் அடிப்பிடிச்சிருச்சு. உங்க அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டாரு. இத்தனை வருஷத்துல காய்ச்சல்தான் அவரைத் திருத்தியிருக்கு." நானும் சிரித்தேன்.

கடை திறக்க விட்டதும் தூசி தட்ட ஆள் இல்லாமல் நான் போனேன். கடை மூடுவதற்கு முன்னால் சக்லேஷ்பூரிலிருந்து ஒரு மூட்டை ஏலக்காய் வந்து, டின்னில் மாற்ற நேரமில்லாமல் பரணிலேயே இருந்தது. பக்கத்துக் கடை செல்வராஜ் ஊதுபத்தி வியாபாரம் செய்கிறவர். மழையில் அவர் கடைக் கூரை ஒழுகியதால், மூடியிருந்த நாட்களில் அண்ணனிடம் சாவி வாங்கி, தன் சரக்கை எல்லாம் அதே பரணில் ஏற்றி வைத்திருந்தார். யார் கேட்டாலும் சாவியைக் கொடுக்கிற மனுஷன் அண்ணன்.

அன்றைக்கு, கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிற பாஷா மாஸ்டர் வந்தார். கடை வைத்த காலத்திலிருந்து அண்ணனிடமே வாங்குகிறவர். பெரிய ஆர்டர். அண்ணன் மூட்டையை இறக்கி, கட்டைப் பிரித்து, ஒரு கைப்பிடி எடுத்தார். மாஸ்க்கைக் கீழே இழுத்துக் கண்ணை மூடி மோந்தார். தலையை ஆட்டினார்.

"முதல் தரம் மாஸ்டர். சக்லேஷ்பூர் சரக்கு."

எனக்கு மூச்சு வாங்கும் என்பதால் மாஸ்க்கை இறக்கி விட்டிருந்தேன். நான் நின்ற இடத்துக்கு வந்தது ஏலக்காய் வாசனை இல்லை. மல்லிகை ஊதுபத்தி. யாரோ கட்டுக் கட்டாகக் கொளுத்தி வைத்த மாதிரி. மாஸ்டர் மூக்கை மூடியிருந்தார், அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் மூக்கைத் திறந்து மோந்தார், அவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடிப்பிடித்த சாம்பாரும் புரிந்தது.

மாஸ்டர் முன்னால் அண்ணனைத் தலைகுனிய விட எனக்கு மனசு வரவில்லை. "மாஸ்டர், அந்த மூட்டையைத் தொடாதீங்க. கோயிலுக்குச் சொல்லி வெச்சிருக்கோம்" என்றேன்.

"அரே அக்கா, இவ்வளவு ஏலக்காயா? சாமிக்குப் பிரியாணியா போடப் போறீங்க?"

"பாயசம்" என்றேன். ஆண்டவர் மன்னிப்பார்.

அண்ணன் என்னையே பார்த்தார். "பாப்பா, எந்தக் கோயிலுக்கு?" என்று ஆரம்பித்தார். எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அண்ணனுக்கு நான் பாப்பாதான்.

"நீ மறந்துட்டே அண்ணா. காய்ச்சல். மாஸ்டருக்கு அந்தப் பெரிய டின்னுல இருக்கறதைக் கொடு."

"அது போன வருஷத்துச் சரக்கு."

நான் டின் மூடியைத் திறந்தேன். ஏலக்காய் தோல் உடையாமல் பச்சையாக இருந்தது. வாசனை முகத்தில் வந்து அறைந்தது. "போன வருஷம்தான். ஆனா நேத்துப் பறிச்ச மாதிரி இருக்கு" என்றேன். மாஸ்டர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார், "வாஹ் வாஹ்" என்றார், எடை போடச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினேன். "என்ன வாசனை வருது?"

"ஏலக்காய்."

"இன்னொரு தடவை மோந்து சொல்லு."

அண்ணன் மோந்து பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுவும் ஏறல பாப்பா. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே ஏறல. காபியும் வெந்நீரும் ஒண்ணா இருக்கு. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பார்த்தேன். கையில எடுத்தா பழைய ஞாபகத்துல வாசனை வர்ற மாதிரியே இருக்கு. வரலன்னு அப்புறம்தான் தெரியுது. இது என்ன ஆச்சு?"

"மல்லிகை ஊதுபத்தி. பரண்ல ஒண்ணா இருந்திருக்கு."

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா போனபோதும் நான் அண்ணன் அழுது பார்த்ததில்லை.

"கடையை விட்டுடறேன்" என்றார். "மொபைல் கவர் விக்கறவன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். மோந்து பார்க்காம மடிச்ச பொட்டலம் பொய் பாப்பா. கல்யாண வீட்டுச் சோத்துல மல்லிகைப்பூ வாசம் வந்திருந்தா, மாஸ்டர் பேரு என்ன ஆகறது?"

நான் சொன்னேன்: "உன் மூக்கு போச்சு. என்னோடது இருக்கு. அம்மா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கைத்தான் வெச்சுப் பெத்தாங்க. நாளைக்குக் காலையில இருந்து நான் வர்றேன்."

வந்தேன். மல்லேஸ்வரத்திலிருந்து காலை பஸ் பிடித்து சிவாஜிநகர் வந்துவிடுவேன். பாழான ஏலக்காயைச் செல்வராஜே வாங்கிக்கொண்டார், ஊதுபத்தியில் இடித்துச் சேர்ப்பதற்கு. அண்ணனுக்கு வாசனை போன விஷயத்தை அண்ணியிடமும் ஸ்டீபனிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டோம். வெளியில் யாருக்கும் தெரியாது. கடையில் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அண்ணன் கைப்பிடி சரக்கை என் பக்கமாக நீட்டிவிட்டுத்தான் தன் மூக்குக்குக் கொண்டுபோவார். நன்றாக இருந்தால் நான் பேச மாட்டேன். வாசனை குறைந்திருந்தால், "அண்ணா, தண்ணி குடி" என்பேன். உடனே அவர், "இது வேணாம், புது டின் திறக்கறேன்" என்பார். "உங்க தங்கச்சி உங்களை எப்படிப் பார்த்துக்கறாங்க, தண்ணி குடி தண்ணி குடின்னு" என்று மார்க்கெட்டில் எனக்கு நல்ல பெயர் வந்தது. ஒரு நாள் பழைய தனியா மூட்டை ஒன்றைப் பிரித்தபோது அண்ணன் ஒரு குடம் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

அதோடு அவர் விடவில்லை. "எப்படி இருக்குன்னு சொல்லு" என்பார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? சட்டையும் நல்லா இருக்கும், பாட்டும் நல்லா இருக்கும். வாசனை எப்படி?"

நான் என்ன படித்தவளா வார்த்தை தேட? ஆனால் அண்ணன் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லவங்கம், பல் வலிக்கு வைத்த பஞ்சு. அன்னாசிப்பூ, இருமல் மருந்து பாட்டிலின் மூடி. புதுப் பட்டை, தச்சுப் பட்டறையில் யாரோ சர்க்கரையைக் கொட்டிவிட்ட மாதிரி. பழைய சீரகம், மழை நாளில் காயாத துணி. கசகசா கெட்டுப்போயிருந்தது ஒரு நாள். "மாமனார் தலையணை உறை" என்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் செல்வராஜ் எட்டிப் பார்த்தார்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. லவங்கத்தை நகத்தால் அழுத்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார். பட்டையைக் காதோரம் வைத்து ஒடிப்பார். "இந்தச் சத்தம் கேளு பாப்பா. காஞ்சது இப்படிப் பட்டுன்னு ஒடியும். ஈரம் வாங்கினது முனகும்." ஏலக்காயை உரித்து விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று விரலால் உருட்டுவார். மூக்கு விட்டுப்போன இடத்தில் கையும் காதும் வேலைக்கு வந்தன. ஆனாலும் கடைசி வார்த்தையை என்னிடம்தான் கேட்பார்.

அப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அண்ணனுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், கடையில் நிற்க இடமில்லை. வீட்டில் வைன் போடுகிறவர்கள் லவங்கமும் பட்டையும் கேட்டு நிற்கிறார்கள். பாஷா மாஸ்டர் தன் மருமகனைக் கூட்டி வந்திருந்தார். ஒரு ஜாதிக்காயை எடுத்து அண்ணன் கையில் வைத்து, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "பாரு மாப்ள, நான் என் மூக்கை நம்பமாட்டேன், இவரு மூக்கைத்தான் நம்புவேன். அண்ணா, நீங்க மோந்து சொல்லுங்க, போதும்" என்றார்.

அண்ணன் ஜாதிக்காயை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. கல்லாப் பெட்டி மேல் வைத்தார்.

"மாஸ்டர், எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சல்ல போச்சு. இவ்வளவு நாளா மோந்து சொன்னது என் தங்கச்சி. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

இனி யார் வருவார்கள் இந்தக் கடைக்கு என்று நினைத்தேன். மாஸ்டர் அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"அதானே பார்த்தேன்" என்றார். "கொஞ்ச நாளா சரக்கு முன்னைவிட நல்லா இருக்கேன்னு!"

முதலில் சிரித்தது அண்ணன்தான். அப்புறம் கூட்டமே சிரித்தது. மாஸ்டர் அந்த ஜாதிக்காயை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "அக்கா, நீங்க சொல்லுங்க." பின்னால் நின்றிருந்த நம் கன்னடத்து அம்மா, "நந்தூ நீவே நோடி கொடி அம்மா" என்று தன் பையை என் பக்கம் நீட்டினார். தன்னுடையதையும் நானே பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். அன்று முதல் நான் அண்ணன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு எல்லோர் முன்னாலும் மோந்தேன். அண்ணன் அதற்குப் பிறகு தண்ணீரைத் தாகத்துக்கு மட்டும் குடித்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அண்ணனுக்கு இருதயம் பலவீனமானது. டாக்டர் படி ஏறாதே, மூட்டை தொடாதே என்றார். வீட்டில் படுத்தார். ஸ்டீபன் தன் ஆபீஸ் வேலைக்கு நடுவே கடையைத் திறந்து வைத்தான். நான் பகலெல்லாம் கடையில் இருந்துவிட்டு, சாயந்திரம் அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய வாசனைகளைச் சொல்லுவேன். கடைச் சரக்கு மட்டும் இல்லை. முதல் மழையில் பஸ் ஸ்டாண்டு, காபிக்கொட்டை வறுக்கிற கடை, என் பேத்தியின் தலை உச்சி, எல்லாவற்றையும் கேட்பார்.

கடைசி வாரத்தில் ஒரு சாயந்திரம் என்னைக் கிட்டே கூப்பிட்டார். அண்ணி அடுக்களையில் இருந்தார். குரலைத் தாழ்த்தி, "பாப்பா, உங்க அண்ணி எப்படி வாசனை வருவா? மறந்துபோச்சு. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய் அண்ணியின் தோள்பக்கம் குனிந்தேன். அண்ணி விருட்டென்று திரும்பினார். "என்ன இது, என்னையும் மோந்து பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களா? நான் என்ன லவங்கமா?"

"சும்மா இருங்க அண்ணி" என்றேன்.

வந்து அண்ணனிடம் சொன்னேன். "கழுத்துல பவுடர். கையில இஞ்சி. புடவையில கஞ்சி வடிச்ச ஆவி. தலையில தேங்காய் எண்ணெய், கொஞ்சம் விக்ஸ்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடையில் கைப்பிடி சரக்கை மோந்து பார்க்கும்போது முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"அப்படியேதான் இருக்கா" என்றார்.

அந்த வாரம் முடிவதற்குள், ஒரு விடியற்காலையில், அண்ணி கையைப் பிடித்தபடி அண்ணன் போய்விட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைக் கடைசி வரை கவனித்த டாக்டருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும், நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குச் சாமியாருக்கும், அடக்கத்தன்று கடைகளைச் சாத்திவிட்டுக் கூட நடந்த மார்க்கெட் வியாபாரிகளுக்கும், பரணைக் காலி செய்து கொடுத்ததோடு இன்று வரை தன் ஊதுபத்தியை எங்கள் சுவர் பக்கம்கூட அடுக்காத செல்வராஜுக்கும், இன்றைய நினைவு நாள் சாப்பாட்டைத் தானே வந்து சமைக்கிற பாஷா மாஸ்டருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. கடையை விட்டுவிடாமல் வைத்திருக்கிற ஸ்டீபனுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

எல்லோருக்கும் மேலாக அண்ணிக்கு. அண்ணன் போன அன்று மாலைகள் குவிந்திருந்தன, சாம்பிராணி போட்டார்கள். எனக்கு ஒரு வாசனையும் ஏறவில்லை. எனக்கும் போய்விட்டதோ என்று பயந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து கடை திறந்தோம். புது ஏலக்காய் வந்திருந்தது. ஒன்றை உரித்து மூக்கருகில் வைத்தேன். ஒன்றும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். மெதுவாக, எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி, வந்தது. நல்ல சரக்கு. சொல்லுவதற்கு வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் திரும்பினேன்.

அண்ணன் உட்காருகிற இடத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை தும்மினார்.

"என்கிட்டச் சொல்லுங்க" என்றார். "எப்படி இருக்கு?"